டிரிப்ஸும் கஞ்சாவும் சேர்ந்த கதை

அமெரிக்காவில் ‘டிரிப் பார்’ என்று ஒரு வகைக் கடை உண்டு. நோயே இல்லாதவர்கள் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, காசு கொடுத்து, வைட்டமின் கலந்த சலைனை ஏற்றிக்கொள்ளும் இடம். அவற்றில் சில, சிபிடி டிரிப்ஸும் போடுகின்றன. சிபிடி என்பது கஞ்சாச் செடியில் உள்ள, போதை தராத கன்னாபிடையால். படபடப்பு, வலி, தூக்கமின்மை எல்லாம் போகும் என்பது வியாபாரப் பேச்சு. இதன் பூர்விகத்தைத் தேடினால் டிரிப்ஸ், கஞ்சா இரண்டின் கதையிலும் ஒரே மனிதர் வருகிறார். பெயர் வில்லியம் புரூக் ஓஷானசி.

அயர்லாந்தின் லிமெரிக்கில் பிறந்து எடின்பரோவில் மருத்துவம் படித்தவர். 1831இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்து துறைமுகத்தில் காலரா பரவியது. பேதியில் உடம்பு வற்றிக்கிடந்தவர்களுக்கு வைத்தியர்கள் மேலும் ரத்தம் வடித்துக்கொண்டிருந்த காலம். இருபது வயதைத் தாண்டி ஓரிரு வருடங்களே ஆகியிருந்த ஓஷானசி, நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்தார். நீரும் உப்பும் பெருமளவு குறைந்திருந்தன. குறைந்ததை ரத்தத்துக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுதினார்.

1832 மே மாதம், ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் அதைச் செய்து பார்த்தார். சாகக் கிடந்த ஒரு மூதாட்டிக்கு மூன்று லிட்டருக்கும் மேல் உப்புநீர் ஏற்றினார். குழிவிழுந்த கண்கள் தெளிந்தன. ஆபத்து நீங்கியது என்று லாட்டா கிளம்பிவிட்டார். பேதி திரும்பியது, மூதாட்டி சில மணி நேரத்தில் இறந்துபோனார். ஏற்றிக்கொண்டே இருந்திருக்க வேண்டும் என்பது பாடம். அடுத்து வந்தவர்களில் சிலர் பிழைத்தார்கள். இன்றைய சலைன் பாட்டில் பிறந்தது அங்கேதான்.

ஓஷானசி 1833இல் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையாகக் கல்கத்தாவுக்கு வந்தார். அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தார். நாட்டு வைத்தியத்தில் புழங்கிய கஞ்சாவை முதலில் நாய் முதலிய விலங்குகளுக்கும், பிறகு வாதம், தனுர்வாதம், குழந்தை வலிப்பு கண்டவர்களுக்கும் கொடுத்துக் கவனித்தார். 1839இல் அவர் எழுதிய கட்டுரை வழியாகத்தான் மேற்கத்திய மருத்துவத்தில் கஞ்சா பரவலாக நுழைந்தது.

கஞ்சாவுக்குள் இருந்த சிபிடியை 1940இல் அமெரிக்க வேதியியலாளர் ரோஜர் ஆடம்ஸ் பிரித்தெடுத்தார். அதன் அமைப்பை 1963இல் இஸ்ரேலின் ரபேல் மெக்கூலம் கண்டறிந்தார். 2018 ஜூனில் ‘எபிடயோலெக்ஸ்’ என்ற சிபிடி மருந்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. குழந்தைப் பருவத்தில் தொடங்கும் இருவகைக் கடும் வலிப்புக்கு. அதே ஆண்டு டிசம்பரில், போதைப்பொருள் மிகக் குறைவாக உள்ள ஹெம்ப் வகைக் கஞ்சாவைப் பயிரிடுவதும் அங்கே சட்டப்படி சரியானது. கடைதோறும் சிபிடி வந்தது.

டிரிப்ஸ் கடைக்கு வந்தது வேறு வழியில். பால்டிமோரில் ஜான் மையர்ஸ் என்ற மருத்துவர், வைட்டமினும் மக்னீசியமும் கலந்து ஊசி போட்டுவந்தார். 1984இல் அவர் இறந்தபின் ஆலன் கேபி என்ற மருத்துவர் அதைத் தொடர்ந்தார். ‘மையர்ஸ் காக்டெயில்’ என்று பெயர் நிலைத்தது. அந்தப் பாட்டிலில்தான் இப்போது சிபிடியும் சேர்கிறது.

நேராக ரத்தத்தில் ஏற்றினால்தான் முழுதாகச் சேரும் என்று விற்பவர்கள் சொல்லும் காரணத்தில் பாதி உண்மை உண்டு. வாயால் விழுங்கும் சிபிடியின் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். கொஞ்சமே ரத்தத்தை எட்டும். ஆனால் சிபிடி எண்ணெயில் கரையும், நீரில் கரையாது. எண்ணெயை அப்படியே ரத்தக் குழாயில் விட்டால் நுரையீரல் அடைத்துக்கொள்ளும். நுண்துளிகளாக உடைத்தே ஏற்ற வேண்டும். கிருமியோ கலப்படமோ இருந்தால் வயிறும் கல்லீரலும் குறுக்கே நிற்காது. ஏறியதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சிபிடி ஊசி எதற்கும் அனுமதி தரவில்லை. அது அனுமதித்த எபிடயோலெக்ஸ், நல்லெண்ணெயில் கரைத்து வாயால் குடிக்கும் மருந்து.

ஓஷானசி முதலில் ரத்தத்தைச் சோதித்தார். பிறகே ஏற்றச் சொன்னார். சாய்வு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்பவரிடம் நீங்களும் கேளுங்கள்: என் ரத்தத்தில் என்ன குறைந்திருக்கிறது? அதற்குப் பதில் இல்லையென்றால் கையை நீட்டாதீர்கள்.