ஐஸ் ஹவுஸில் குடியிருந்தவர்கள்

திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர்களுக்குக் கண்டக்டர் குரல் இன்னும் காதில் இருக்கும். "ஐஸவுஸ் எல்லாம் எறங்கு!" சிறு பையனாக இருந்தபோது அந்த நிறுத்தத்தில் இறங்கும்போதெல்லாம் ஐஸ் எங்கே இருக்கிறது என்று தேடுவேன். கடற்கரைச் சாலையில் வட்டமாக, ஒரு பெரிய கேக் போல நிற்கும் கட்டடத்தைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. அப்பாவைக் கேட்டால், "அத்தை வரட்டும், அவளைக் கேளு. அந்த வீட்டில் இருந்தவ அவதான்" என்பார்.

அப்பாவின் அத்தை, எனக்கு அத்தைப் பாட்டி. அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன், அவளுக்கு முன்னால் அங்கே குடியிருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் குடித்தனம் மனிதர்கள் அல்ல, பனிக்கட்டிதான். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வியாபாரி பிரடெரிக் டூடர், குளிர்காலத்தில் உறைந்த குளங்களிலிருந்து பனிக்கட்டியை வெட்டியெடுத்து, மரத்தூள் போட்டுப் பொதிந்து, பாய்மரக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார். 1833ல் முதல் கப்பல் கல்கத்தா வந்தது. நான்கு மாதப் பயணம். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, பூமத்திய ரேகையை இரண்டு தடவை கடந்து வர வேண்டும். 180 டன் ஏற்றியதில் ஏறக்குறைய 100 டன் கரையாமல் வந்து சேர்ந்ததாம். நம் சென்னையில் அந்தச் சரக்கை வைக்க 1842ல் கட்டியதுதான் இந்த வீடு. அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். மசூலாப் படகில் அலையைத் தாண்டிக் கொண்டுவந்து கரையில் இறக்குவார்கள். கடலும் இன்றைக்கு இருப்பதுபோல் அவ்வளவு தள்ளி இல்லை. பிற்பாடு துறைமுகம் கட்டிய பிறகுதான் அதன் தென்பக்கம் மணல் சேர்ந்து சேர்ந்து இந்த மெரீனா அகலமானது.

கல்கத்தாவிலும் பம்பாயிலும் இதேபோல ஐஸ் ஹவுஸ்கள் இருந்தன. இன்று எஞ்சி நிற்பது நம்முடையது மட்டுமே.

1870களில் இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அமெரிக்க ஐஸை யார் வாங்குவார்கள்? வியாபாரம் படுத்தது. வீடு விலைக்கு வந்தது. ஹைகோர்ட் வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். ஐஸ் கரையாமல் இருக்கக் கட்டிய வீட்டில் மனிதர்கள் எப்படி மூச்சு விடுவது? அவர் ஜன்னல்களைத் திறந்து, சுற்றி வராந்தா எடுத்து, நீதிபதி கெர்னன் பெயரால் 'காஸில் கெர்னன்' என்று பெயரும் வைத்தார். ஊர் அதைச் சட்டை செய்யவில்லை. ஐஸ் ஹவுஸ் என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

1897 பிப்ரவரி 6ஆம் தேதி அந்த வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தார். சிகாகோவிலும் மற்ற ஊர்களிலும் பேசிவிட்டுத் திரும்பிய சுவாமி விவேகானந்தர். அவரை அமெரிக்காவுக்கு அனுப்ப வீடு வீடாகப் பணம் திரட்டியவர் நம் திருவல்லிக்கேணி வாத்தியார் அளசிங்கப் பெருமாள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில் பையன்கள் வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்து வந்தார்கள். 14ஆம் தேதி வரை ஒன்பது நாட்கள் இங்கே தங்கி, ஊரில் பல சொற்பொழிவுகள் செய்துவிட்டுக் கப்பல் ஏறிக் கல்கத்தா போனார்.

அன்பர்கள் கேட்டுக்கொண்டபடி, தம் குருபாய் சுவாமி ராமகிருஷ்ணானந்தரை அவர் சென்னைக்கு அனுப்பினார். தென்னாட்டின் முதல் ராமகிருஷ்ண மடம் இந்த வீட்டில்தான் நடந்தது. பிலிகிரி ஐயங்கார் 1902ல் காலமானார். 1906ல் வீடு ஏலத்துக்கு வந்தது. ஏலம் நடந்துகொண்டிருக்கும்போது சுவாமி தோட்டத்து பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருந்தார் என்றும், குருதேவருக்கு ஒரு சின்ன அறை இருந்தால் போதும் என்று சொன்னார் என்றும் மடத்தில் சொல்வார்கள். வீடு கைமாறியது. மடம் கொஞ்ச நாள் அவுட்ஹவுஸில் இருந்து, 1907ல் மயிலாப்பூருக்குப் போயிற்று. 1917ல் அரசாங்கம் வீட்டை வாங்கியது.

இனி அத்தைப் பாட்டியின் காலம்.

மயிலாப்பூரில் 1886ல் பிறந்த சுப்புலட்சுமி பதினோரு வயதுக்குள் கல்யாணமாகி, விதவையும் ஆனவர். பெற்றோர் அவர் தலையை மழிக்காமல் படிக்க வைத்தார்கள். 1911ல் பிரசிடென்சி கல்லூரியில் பி.ஏ. தேறினார். அப்பா வீட்டில் மூன்று நான்கு பால்ய விதவைகளை வைத்துக்கொண்டு படிப்பு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பெண் பள்ளிகளுக்கு வாத்தியாரம்மாக்கள் தேவைப்பட்டதால் அரசாங்கமும் உதவியது. பெண்கள் அதிகமாக அதிகமாக இடம் போதாமல், கடற்கரையில் சும்மா கிடந்த இந்த வீட்டுக்கு வந்தார்கள். விதவையான அவருடைய சித்திதான் வீட்டு நிர்வாகம். எல்லாப் பெண்களுக்கும் அவர் சித்தியே. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த இல்லம் பிராமண விதவைகளுக்கு மட்டுமே. அப்படியிருந்தும் அக்ரகாரங்களில் எதிர்ப்புதான்.

எங்கள் அத்தைப் பாட்டிக்கு எட்டு வயதில் கல்யாணம், பத்து வயதில் எல்லாம் முடிந்தது. தலையை மழிக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் அண்ணா, அதாவது என் தாத்தா, ராத்திரியோடு ராத்திரியாக ரயிலேற்றிக் கூட்டிவந்து ஐஸ் ஹவுஸில் விட்டுவிட்டார். அதற்காக ஊரில் ரொம்ப நாள் அவரை யாரும் கல்யாணம் கார்த்திக்கு அழைக்கவில்லையாம்.

"மொதல் நாள் தூங்கவே இல்லைடா" என்பாள். "சமுத்திரம் சத்தம் போட்டுண்டே இருந்தது. யாரோ அழறா மாதிரி இருந்தது. பேய் வீடுன்னு வேற சொல்லியிருந்தா. காலம்பற எழுந்து பார்த்தா, என்னை மாதிரியே வட்டமா சுவரோரம் படுத்துண்டு இத்தனை பேர். அப்பறம் பயம் போயிடுத்து." தலைமுடி பற்றியும் சொல்வாள். இங்கே வந்தபின் முதல் தடவையாக ஒரு பெண் அவளுக்கு எண்ணெய் தடவிப் பின்னிவிட்டாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் கை தானாகப் பின்னந்தலைக்குப் போகும்.

படித்தாள், டிரெயினிங் முடித்தாள், தஞ்சாவூர் ஜில்லாவில் தலைமை ஆசிரியையாக இருந்து ரிடயர் ஆனாள். என் அப்பாவின் படிப்புக்குப் பணம் அவள் சம்பளத்திலிருந்து வந்தது. அப்பா படித்ததால் நான் படித்தேன். எங்கள் குடும்பத்துக்கு அந்த வட்டக் கட்டடம் சரித்திரச் சின்னம் மட்டும் அல்ல.

சுப்புலட்சுமி அம்மாள் 1922ல் பக்கத்திலேயே தொடங்கிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கு முதல் பிரின்சிபால் ஆனார். 1927ல் அவர் ஏற்படுத்திய சாரதா வித்யாலயா பிறகு ராமகிருஷ்ண மிஷன் வசம் போயிற்று. அந்த மிஷனுக்கும் இந்த வீட்டுக்கும் விட்ட குறை தொட்ட குறை போலும். 1958ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1969ல் வைகுண்ட ஏகாதசியன்று காலமானார். வீடு வெகு காலம் ஆசிரியைகள் ஹாஸ்டலாக இருந்தது.

1963ல் விவேகானந்தர் நூற்றாண்டில் வீட்டுக்கு 'விவேகானந்தர் இல்லம்' என்று பெயர் வைத்தார்கள். அப்பா பேப்பரில் படித்துச் சொன்னார். அத்தைப் பாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நல்ல பேர்தான். ஸ்வாமி ஒன்பது நாள் இருந்தார். நாங்க ஒன்பது வருஷம், பத்து வருஷம்னு இருந்தோம்" என்றாள். அதில் குறை எதுவும் இல்லை. வாத்தியாரம்மா கணக்கு சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

1997ல் அரசு வீட்டை மடத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. 1999லிருந்து அங்கே நல்ல கண்காட்சி நடக்கிறது. சுவாமி தங்கியிருந்த அறை இப்போது தியான அறை. போன மாதம் பேத்தியை அழைத்துப் போனேன். எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் தியானம் கைகூடவில்லை. கடல் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போக்குவரத்து இரைச்சல்தான் கேட்டது.

முப்பது நாற்பது வருஷம் இருந்த ஐஸின் பெயர் போலீஸ் ஸ்டேஷனுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நிலைத்துவிட்டது. ஒன்பது நாள் தங்கிய மகான் பெயர் வாசலில் இருக்கிறது. அதுவும் நியாயமே. அங்கே வளர்ந்து, வாத்தியாரம்மாவாகி, தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் போன அந்தப் பெண்களின் பெயரை அவரவர் வீட்டில்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். வெளியே வந்ததும் பேத்தியிடம் நான் சொன்னது அதைத்தான். "இங்கதான் உன் கொள்ளுப்பாட்டி தலை பின்னிண்டா" என்றேன். அவள் தன் பின்னலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.