ஒட்டுப்போட்ட பாய்

எங்க அப்பா கடல்ல கால் நனைச்சது வாழ்நாள்ல நாலைந்து தடவைதான் இருக்கும், ராமேஸ்வரத்தில் திதி கொடுக்கப் போனதையும் சேர்த்து. ஆனால் பாய்மரப் பாயை எப்படிப் பார்க்கணும், எங்கே கத்தரிக்கோல் வைக்கணும்னு எனக்குச் சொன்னது அவர்தான். அவர் தையல்காரர். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின் போட்டிருந்த பலரில் ஒருத்தர். தொம்பை, குடை, சாமிக்கு உடுப்பு, அழகர் திருவிழாவுக்குத் தண்ணி பீச்சுறவங்களோட சட்டை, இதெல்லாம்தான் அவர் தொழில். மண்டபத்தைக் காலி செய்தபோது கடை குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியது. பாய் வந்தது அங்கேதான்.

மதுரையில் பாய் என்றால் மூன்று அர்த்தம். கோரைப்பாய், பிரியாணிக்கடை பாய், கடைசியாகக் கப்பல் பாய். மூன்றாவதை ஊருக்குள் யாரும் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். என் கல்லூரி நண்பன் ஒருவன் தொண்டிப் பக்கம். மதுரையிலிருந்து சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை என்று பொட்டல் காடு வழியாகவே போனால் சாலை போய் முட்டுகிற இடம் தொண்டி. அந்தக் கரையில் திருவிழாவுக்குப் பாய்மரப் படகுப் போட்டி வைப்பார்கள். அதற்காக அவனும் அவன் மாமன் மகன்களும் ஒரு பழைய வத்தையைக் கைமாற்றி வாங்கியிருந்தார்கள். மரம் நன்றாக இருந்தது. பாய்தான் கந்தல். புதுசு தைக்கக் காசு இல்லை. அதைச் சுருட்டி, கயிறு கட்டி, பஸ்ஸில் போட்டுக்கொண்டு மாட்டுத்தாவணியில் வந்து இறங்கினான். கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டாராம்.

அப்பா அதை விரிக்கச் சொன்னார். சத்திரத்துக்குள் இடம் போதவில்லை. மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனோம். வெயிலுக்கு எதிராகப் பிடிக்கச் சொல்லி, பின்பக்கம் போய் நின்று பார்த்தார். எங்கெல்லாம் வெளிச்சம் பொத்துக்கொண்டு வந்ததோ அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். பிறகு விளிம்பில் ஒரு இடத்தை இரண்டு கை விரலால் இழுத்தார். துணி கிழியவில்லை, தையல் பிரிந்தது.

"துணி சாகல தம்பி. நூல்தான் செத்துப்போச்சு."

இந்த ஒரு வரிதான் என்னை இந்தக் கட்டுரைக்குள் இழுத்துவிட்டது. நெய்த துணியில் ஒரு நூலுக்குப் பக்கத்து நூல் நிழல். தையல் நூல் மட்டும் துணிக்கு மேலே துருத்திக்கொண்டு, வெயிலையும் உப்பையும் கயிற்றின் உரசலையும் நேராக வாங்குகிறது. அதனால் பாய் கிழிந்துவிட்டது என்று சொல்லித் தூக்கிப் போடுவதில் பாதி, தையல் போன பாய்தான். பிரித்துத் தைத்தால் இன்னும் சில வருடம் ஓடும். பாய்மரத்தைப் பற்றி ஒரு புத்தகமும் படிக்காத மனிதர் இதை ஒரே இழுப்பில் கண்டுபிடித்தார்.

இந்தப் பழுது பார்க்கும் வேலைக்கு எவ்வளவு வயது இருக்கும்?

மதுரையிலிருந்தே தொடங்கலாம். பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில் பெரிய நாவாய்கள் பாய் விரித்துக் கரை சேர்கிற காட்சி வருகிறது. அங்கே பாய்க்கு அவர் சொல்கிற பெயர் 'இதை'. இன்றைக்கு 'இதைக் கொடு, இதை எடு' என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குள் ஒரு கப்பல் பாய் சுருட்டிக் கிடந்தது நமக்கு மறந்துபோய்விட்டது. வைகை கடலைத் தொடுகிற பக்கத்தில் இருக்கும் அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோது, கப்பல் படம் கீறிய ஒரு பானை ஓடு கிடைத்தது. மூன்று பாய்மரம் கொண்ட உரோமானியக் கப்பல் அது என்று ஆய்வாளர்கள் அடையாளம் சொன்னார்கள். கீறியவன் யாரோ, கரையில் நின்று கப்பலை நிறைய நேரம் பார்த்தவன்.

ஆனால் படத்தையும் பாட்டையும் தைக்க முடியாது. எனக்குத் துணி வேண்டியிருந்தது. அது செங்கடல் கரையில், எகிப்தின் பெரனிகேயில் இருந்தது. 1994 முதல் ஸ்டீவன் சைட்பாதம், வில்லெகே வெண்ட்ரிக் இருவர் தலைமையில் அங்கே அகழாய்வு நடந்தது. இந்தியப் பானை ஒன்றில் 7.55 கிலோ மிளகு கிடைத்ததும், 'கொறபூமான்' என்று தமிழ் பிராமியில் எழுதிய ஓடு கிடைத்ததும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தமிழ்ப் பெருமை பேசுகிற வாட்ஸப் செய்திகளில் தவறாமல் வரும். அதே ஊரின் குப்பைமேட்டில் கிடைத்த கந்தல் துணிகளைப் பற்றி யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை. ஜான் பீட்டர் வைல்ட், ஃபெலிசிட்டி வைல்ட் என்ற இரண்டு துணி ஆய்வாளர்கள் அந்தக் கந்தலைப் பிரித்துப் பார்த்து, 2001இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சில துண்டுகள் கப்பல் பாய். பருத்தித் துணி. அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டை நாடாக்களை வைத்துத் தைத்திருக்கிறார்கள், காற்று இழுக்கும்போது துணி தாங்குவதற்காக.

அது இந்தியத் துணி என்று எப்படிச் சொல்கிறார்கள்? நூலின் முறுக்கை வைத்து. எகிப்தில் காலங்காலமாக ஒரு பக்கமாக முறுக்கி நூற்றார்கள், இந்தியப் பருத்தி அதற்கு எதிர்ப்பக்கம். தக்களியை எந்தப் பக்கம் சுழற்றினாள் என்பது இரண்டாயிரம் வருடம் கழித்தும் நூலில் இருக்கிறது. 'சுழற்றினாள்' என்று எழுதுவது என் ஊகம்தான். மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் சுடுமண் தக்களிகள் கிடைத்தபோது, நானும் எல்லாரையும் போல அவசரப்பட்டு, 'பெரனிகே பாய் நம்ம ஊர் நூல்தான்' என்று ஒரு வரி எழுதிவைத்தேன். பிறகு அடித்துவிட்டேன். இந்தியப் பருத்தி என்றால் குஜராத் கரையாகவும் இருக்கலாம். நூல் முறுக்கு நாட்டைச் சொல்லும், ஊரைச் சொல்லாது. மேலும், அந்தத் துணி வைகைக்கரையில் நெய்யப்பட்டது என்று நிரூபித்தால்தான் அதை மதிப்போம் என்றால், அதைத் தைத்தவனை நாம் மதிக்கவே இல்லை என்றுதான் ஆகும்.

எனக்கு அந்த ஊரில் பிடித்த விஷயம் வேறு. பெரனிகேயில் எதையும் வீணாக்கவில்லை. உடைந்த கப்பல்களின் தேக்கு மரத்தைக் கட்டடங்களில் பயன்படுத்தியிருக்கிறார்கள். பாலைவனத்தின் ஓரத்தில் மரம் ஏது? மலபார்த் தேக்கு கப்பலாகப் போய், உத்திரமாக நின்றது. பாயும் அப்படித்தான், இனி ஒட்டுப்போடவே முடியாது என்ற பிறகுதான் குப்பைக்குப் போயிருக்கும். ஏழைகளின் பொருளாதாரத்தைத் தேட அரண்மனையைவிடக் குப்பைமேடுதான் சரியான இடம்.

நடுவில் ஒரு நீண்ட இருட்டு. பாய் மட்கிவிடும் பொருள். கல்வெட்டில் பாய் தைத்தவன் பெயர் வராது. நாம் மீண்டும் கொஞ்சம் வெளிச்சத்தில் பார்ப்பது ஜேம்ஸ் ஹார்னெல் வழியாக. சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த வெள்ளைக்காரர். 1920இல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதி வெளியிட்டார். பாக் நீரிணை வத்தைகளை அவர் கவனமாகப் பார்த்திருக்கிறார். காற்று பலமாக அடித்தால் படகு ஒரு பக்கம் சாயும். அதைச் சமாளிக்க ஒரு நீளப் பலகையைக் குறுக்கே நீட்டி, காற்று வருகிற பக்கம் ஆட்கள் அதன்மேல் போய் உட்காருவார்கள். தொண்டிப் போட்டியில் இன்றைக்கும் பையன்கள் பலகையில் ஏறி நிற்பதைப் பார்க்கலாம். நூறு வருடத்தில் மாறாதது அது. மாறியது துணி.

முன்பு பாய் என்றால் காடாத் துணி, இல்லையென்றால் கித்தான். பருத்திக்கு உப்புத்தண்ணியும் ஈரமும் ஆகாது, பூஞ்சை பிடித்து இற்றுப்போகும். அதனால் மரப்பட்டையைக் காய்ச்சிய சாயத்தில் தோய்த்து எடுப்பார்கள். பழைய படங்களில் பாய்கள் செம்மண் நிறத்தில் இருப்பது அழகுக்காக இல்லை, ஆயுசுக்காக. காற்று மந்தமாக இருந்தால் பாயின்மேல் தண்ணீரை வாரி அடிப்பார்கள். நனைந்த பருத்தி உப்பி, நெசவின் இடுக்கு மூடிக்கொள்ளும், காற்று ஒழுகாது. இன்றைய பிளாஸ்டிக் தார்ப்பாய்க்கு அந்தத் தேவை இல்லை. உரச்சாக்கைப் பிரித்து இணைத்த பாய்களும் கரையில் உண்டு. மலிவு, மட்காது, ஆனால் வெயிலில் பொடிப்பொடியாக உதிரும். அதில் ஒட்டுப்போட முடியாது, ஊசி குத்திய இடமே கிழிசலுக்கு ஆரம்பம்.

பழைய படகுக்கு எவ்வளவு தூரம் உயிர் இருக்கும் என்று கேட்டால் எனக்கு அன்னபூரணிதான் ஞாபகம் வரும். யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில், வேம்பும் மற்ற மரங்களும் கொண்டு கட்டிய இரண்டு பாய்மரக் கப்பல், நீளம் 89 அடி. சரக்கு ஏற்றி ஓடிய கப்பல். அதை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அவர் ஏற்கெனவே 1928க்கும் 1931க்கும் இடையில் 'ஸ்வாப்' என்ற சின்னஞ்சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றியவர். கப்பலுக்குத் தன் மனைவியின் பெயரை வைத்தார், 'ஃப்ளாரன்ஸ் சி. ராபின்சன்'. வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள் அதைச் செலுத்திக்கொண்டு போய், 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் நிறுத்தினார்கள். கதையை எல்லாரும் வீரமாகவே சொல்கிறார்கள். சரிதான். நான் வேறு ஒன்றை நினைத்துக்கொள்வேன். இரண்டு பெருங்கடல் தாண்டுகிற கப்பலில் பாய் கிழியாமல் இருக்காது. தளத்தில் குந்தி உட்கார்ந்து, மெழுகு தேய்த்த நூலோடு, ஆட்டத்துக்கு நடுவே ஊசி கோத்த கைகள் இருந்திருக்கும். பெயர் மாற்றியதை எழுதிவைத்தார்கள். தையலை யார் எழுதினார்கள்?

சரி, மொட்டை மாடிக்கு வருவோம். பாயில் ஏற்கெனவே ஒரு பெரிய ஒட்டு இருந்தது. அப்பா அதைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"இதைப் போட்டவன் அவசரத்துல போட்டிருக்கான். கிராஸ்ல வச்சுத் தைச்சிருக்கான் பாரு."

துணி நேர்நூலில் இழுத்தால் கொடுக்காது, மூலைவாக்கில் இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும். ரவிக்கை தைக்கிறவர்களுக்கு இது அரிச்சுவடி. ஒட்டுத்துணியின் நூலோட்டம் பாயின் நூலோட்டத்தோடு சேர்ந்து போகவில்லை என்றால், காற்று அடிக்கும்போது பாய் நீளும், ஒட்டு நீளாது; அல்லது ஒட்டு நீளும், பாய் நீளாது. இரண்டும் சண்டை போட்டு, ஒட்டின் ஓரத்தில் புதுக் கிழிசல் ஆரம்பிக்கும். அந்த ஒட்டைச் சுற்றி அப்படித்தான் கிழிந்திருந்தது. அடுத்து, ஒட்டுக்குப் புதுத்துணி வேண்டாம் என்றார். புதுசு முரடு, பழசை அறுத்துவிடும். இதையே இயேசு சொன்னதாக பைபிளில் இருக்கிறது என்று என் நண்பன் சொன்னான். அவர்கள் கரையில் தேவாலயம் உண்டு. அப்பா, "தச்சர் மகனாச்சே, தையலும் தெரிஞ்சிருக்கு" என்றார்.

பழைய கித்தானுக்கு எங்கே போவது? கீழவாசல் பக்கம் பழைய பந்தல் துணி விற்கிற ஒரு கடையில் எடைக்கு வாங்கினோம். நாலு முறை துவைத்துச் சுருங்கவிட்டோம். ஒட்டின் மூலைகளைச் சதுரமாக விடாமல் வட்டமாக வெட்டினார். மூலை இருந்தால் காற்று அங்கேதான் நகம் வைக்கும் என்றார். கோணி ஊசி வேண்டாம், ஓட்டை பெரிசாகும். மிஷினில் தடித்த ஊசி போட்டு, முதலில் ஓட்டுத்தையல், பிறகு ஓரத்தை மடித்து இரண்டு வரிசை. கயிறு பிடிக்கிற மூலைகளில் மட்டும் கையால், மெழுகு தேய்த்த நூலில். விரல் நோகாமல் இருக்கப் பழைய தோல் செருப்பின் ஒரு துண்டை உள்ளங்கையில் கட்டிக்கொண்டார். பாய் தைக்கிற மாலுமிகள் உலகம் முழுக்கக் கையில் மாட்டுகிற தோல்பட்டையும் கிட்டத்தட்ட அதே சங்கதிதான், அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நூல் மதுரா கோட்ஸ். இந்த இடத்தில் மதுரை ஒரு சுற்று சுற்றி வருகிறது. ஹார்வி சகோதரர்கள் 1892இல் ஆரம்பித்த மதுரா மில்ஸ், 1974இல் கோட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து தையல் நூல் கம்பெனியானது. கரிசல் காட்டுப் பருத்தியை நூலாக்கி லாபம் பார்த்த மில் அது. அதன் சங்குச் சத்தத்தில் எழுந்து ஓடியவர்களில் என் தாத்தாவும் ஒருவர். கைத்தக்களியின் முறுக்கை வைத்து ஊரைத் தேடுகிற ஆய்வாளர் நாளைக்கு இந்தப் பாயைப் பிரித்தால், பாலியெஸ்டர் நூலில் எந்த ஊரும் கிடைக்காது.

தைத்து முடிக்கும் முன்பு, பழைய ஒட்டைப் பிரித்தோம். அடியில் இன்னொரு ஒட்டு இருந்தது. அது கித்தான் இல்லை, பழைய வேட்டி. பச்சைக் கரையோடு. மடித்து, நேர்நூலைச் சரியாகப் பார்த்து, பொடித் தையலாக, கையால் போட்டது. அந்த இடத்தில் பாய் கிழியவே இல்லை. மேலே வந்த அவசரக்காரன்தான் அது போதாது என்று நினைத்திருக்கிறான்.

"இவன் தெரிஞ்சவன்," என்றார் அப்பா. கொஞ்ச நேரம் விரலால் அந்தத் தையலைத் தடவிக்கொண்டிருந்தார். "இதை எடுக்க வேணாம். இதுமேலேயே போடுவோம்."

நண்பன் எவ்வளவு ஆச்சு என்று கேட்டான். நூலுக்கும் துணிக்கும் மட்டும் வாங்கிக்கொண்டார். போட்டியில் நாலாவதாக வந்தார்கள். பருமல் கயிறு ஒன்று அறுந்ததாம். பாய் நின்றது.