மாவுப்பூச்சியும் அதன் பகைவனும்

2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூர் வட்டாரத்துப் பப்பாளித் தோட்டங்களில் மாவு தூவியதுபோல வெள்ளை படர்ந்தது. இலைகள் சுருண்டன. காய்களின்மேல் பஞ்சு அப்பியது; அது வடித்த பிசுபிசுப்பில் கரும்பூசணம் பிடித்தது. பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, பருத்தி, மல்பெரி, வாசல் செம்பருத்தி என்று எல்லாவற்றிலும் ஏறியது. அதே ஆண்டு இலங்கையிலும் தென்பட்டது.

விவசாயிகள் மருந்தடித்தார்கள். மெழுகுப் போர்வைக்குள் இருந்த பூச்சிக்கு மருந்து சரியாக எட்டவில்லை. அதைத் தின்ன வந்த பொறிவண்டுகள் செத்தன. மறுபடியும் அடித்தார்கள். பட்டு வளர்த்தவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டிருந்தது. மருந்து பட்ட மல்பெரி இலையைத் தின்றால் பட்டுப்புழு பிழைக்காது.

பூச்சியின் தாயகம் மெக்சிகோ. கரீபியன் தீவுகள், புளோரிடா, பசிபிக் தீவுகள் வழியே உலகம் சுற்றி வந்திருந்தது. குவாம் தீவில் முன்பே அதை எதிர்கொண்ட பூச்சியியலாளர் ஆர். முனியப்பனும் அவருடைய சகாக்களும்தான் இந்தியாவில் அதை முதலில் பதிவுசெய்தார்கள். சொந்த ஊரில் அது பெரிய தொல்லையாக இருந்ததில்லை. அங்கே அதைக் கட்டுக்குள் வைக்கும் குளவிகள் உண்டு. கப்பலிலும் விமானத்திலும் பூச்சி மட்டும் ஏறிக்கொண்டது, குளவி ஏறவில்லை.

இந்தப் பாடம் புதிதல்ல. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பஞ்சுச் செதில்பூச்சி அழித்தபோது, 1888-இல் ஆல்பர்ட் கோபெலே ஆஸ்திரேலியாவுக்கே போய் அதன் பகைவனான வெடாலியா வண்டைத் தேடி அனுப்பினார். மொத்தம் 514 வண்டுகள். ஓராண்டுக்குள் தோட்டங்கள் மீண்டன. 1940-களில் டிடிடி அடித்து வண்டுகளைக் கொன்றதும் செதில்பூச்சி திரும்பி வந்தது.

கோவைக்கும் அதே வழிதான் உதவியது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகள் பெங்களூருக்கு வந்தன. வேறு உயிர்களுக்குத் தீங்கு செய்யுமா என்று சோதித்த பிறகே வெளியில் விட்டார்கள். அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே தின்று வெளியேறும். முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் குளவியைப் பெருக்கி விவசாயிகளிடம் கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை: மருந்தடிக்கக் கூடாது. சில மாதங்களில் வெள்ளை விலகியது.

இத்தகைய பூச்சியை ‘வந்தேறி’ என்று எழுதும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். ஊர்விட்டு ஊர் வந்த நம்மையும் பலர் அந்தச் சொல்லால் அழைத்திருக்கிறார்கள். இந்த வரலாறு அந்த ஒப்புமையை ஏற்கவில்லை. மாவுப்பூச்சியைத் தீர்த்த குளவியும் அந்நியநாட்டதுதான். பப்பாளியும் மரவள்ளியும்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான். வந்ததா இருந்ததா என்பதல்ல கேள்வி. வந்தபின் எதன் சமநிலை குலைந்தது என்பதே கேள்வி.

ஆனால் ஒன்றில் நமக்குப் பொறுப்பு உண்டு. ஊரிலிருந்து திரும்பும்போது பெட்டிக்குள் கறிவேப்பிலைக் கன்றை ஒளித்துக் கொண்டுவருவதை நம்மில் பலர் சாமர்த்தியமாகச் சொல்லிக்கொள்கிறோம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் பசுமையாதல் நோயைச் சுமக்கும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். புளோரிடாவில் அந்த நோய் 2005-இல் தெரியவந்தது. ஆரஞ்சு விளைச்சல் அதற்குப் பிறகு சரிந்துகொண்டே போனது. அதற்கு இன்னும் ஒரு கோவைக் குளவி கிடைக்கவில்லை.