தூங்குற லேப்டாப், காத்திருக்குற கடுதாசி

"கரண்ட் போனா நெட்டும் படுத்துக்குது. ரவுட்டருக்கு யூபிஎஸ் இருக்கு, லைட்டெல்லாம் எரியுது, ஆனா பக்கம் நின்னு நின்னு வருது." பாலக்கோடு பக்கம் மின்வெட்டுக் காலத்துல அடிக்கடி காதுல விழுந்த புலம்பல் இது. 2012ல சென்னைக்கு வெளியே மணிக்கணக்கா கரண்ட் இல்லாம கிடந்தோமே, மறக்குமா? ரவுட்டரை மாத்தினவங்க உண்டு, லைன்ல கோளாறுன்னு புகார் கொடுத்தவங்களும் உண்டு. சந்தேகமே படாத ஆள் மடியிலயே உட்கார்ந்திருந்தார். சார்ஜர்ல இருந்து பேட்டரிக்கு மாறின லேப்டாப்!

இந்தக் கதைக்கு வயசு ஜாஸ்திங்க. 1985ல அமெரிக்க அரசு சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம்னு திறந்து விட்டது. கடைகள்ல இருக்குற கல்லா மெஷின்களை வயர் இல்லாம இணைக்கணும்னு என்.சி.ஆர். நிறுவனம் நெதர்லாந்துல வேலையில இறங்குச்சு. அங்கிருந்து வந்த விக் ஹேய்ஸ் தலைமையில குழு உட்கார்ந்து பேசிப் பேசி, 1997ல 802.11 என்ற தரநிர்ணயம் வெளியாச்சு. வேகம் வெறும் 1 அல்லது 2 மெகாபிட். ஆனா பேட்டரியை மிச்சம் பிடிக்கிற வழி அந்த முதல் பதிப்புலயே இருந்தது.

காரணம் இதுதான். வயர்லெஸ் கார்டு சும்மா காதைத் தீட்டிக்கிட்டு இருந்தாலே, தகவல் வாங்கும்போது ஆகிற அளவுக்குக் கிட்டத்தட்ட மின்சாரம் தின்னும். அதனால ஓர் ஒப்பந்தம். "நான் தூங்கப் போறேன்"னு கார்டு சொல்லிடும். அதுக்கு வர்றதையெல்லாம் ரவுட்டர் எடுத்து வச்சுக்கும். சுமார் 100 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை, யார் யாருக்குச் சரக்கு இருக்குன்னு அறிவிக்கும். கிராமத்துல தபால்காரர் டீக்கடையில நின்னு பேர் கூப்பிடுவாரே, அதே மாதிரி. கார்டு அந்த நேரத்துக்கு முழிச்சு, தன் பேர் இருந்தா கேட்டு வாங்கிக்கும். இல்லைன்னா மறுபடி தூக்கம்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. இதுக்கு என்ன விலைன்னு 2002ல அளந்து காட்டினவங்கள்ல ஒருத்தர் நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில படிச்ச ஹரி பாலகிருஷ்ணன். அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில (குரோம்பேட்டை இல்லைங்க!) அவரும் ரானி கிராஷின்ஸ்கியும் எழுதின கட்டுரை அது. இணையப் பக்கம் ஒரே மூச்சுல வராது. கொஞ்சம் அனுப்பி, பதில் வாங்கி, இன்னும் கொஞ்சம்னு பல சுற்றா வரும். 20 மில்லிசெகண்டுல பதில் வந்தாலும், கார்டு தூங்கினா அடுத்த அறிவிப்பு வரைக்கும் அது ரவுட்டர்லயே கிடக்கும். ஒவ்வொரு சுற்றும் 100 ஆகிடும். அவங்க சொன்ன மருந்து: கேள்வி அனுப்பின உடனே தூங்காதே, கொஞ்ச நேரம் முழிச்சிரு, பதில் வரலைன்னா தூக்கத்தைப் படிப்படியா நீட்டிக்கோ.

இது தாமதம். இதைவிட மோசம், ஒப்பந்தத்தை ஒரு பக்கம் மீறுறது. தூங்குறவனுக்கு எடுத்து வைக்கத் தெரியாத ரவுட்டர்கள் சந்தையில இருந்தன. 2007ல விஸ்டா வந்தப்ப, பேட்டரியில ஓடும்போது இந்தத் தகராறு வெளியே வந்து, மைக்ரோசாஃப்ட் இதுக்குன்னே உதவிக் குறிப்பு போட வேண்டியதாச்சு. கணினி சரி, ரவுட்டரும் சரி, ஆனா சேர்ந்து வாழத் தெரியலை!

2005ல சான்றிதழோட வந்த டபிள்யூ.எம்.எம். பவர் சேவ், வேணுங்கிறப்ப சாதனமே கேட்டு வாங்குற வழியைத் தந்தது. 2021ல இறுதியான 802.11ஏ.எக்ஸ்., எப்ப முழிக்கணும்னு இருவரும் முன்கூட்டியே நேரம் குறிச்சுக்குற அளவுக்குப் போயிடுச்சு.

உங்க வீட்டுலயும் நெட் திக்கினா, செலவில்லாத சோதனை ஒண்ணு. ரவுட்டருக்கு 'பிங்' ஓடவிட்டு, சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்க. 2, 3 மில்லிசெகண்டா இருந்தது நூறைத் தாண்டித் தாண்டிக் குதிச்சா ஆசாமி மாட்டினார். விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸ்ல வயர்லெஸ் அடாப்டரை 'மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ்'க்கு மாத்துங்க. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், அவ்வளவுதான். புது ரவுட்டர் வாங்குறதெல்லாம் அதுக்கப்புறம் யோசிச்சாப் போதும்.