மாலுமிப் பயிற்சி கரையேறிய வரலாறு: டஃபரின் முதல் தொலைநிலை சிமுலேட்டர் வரை

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது, மரக்காணம் கடற்கரை விழுப்புரத்தோடு நின்றுவிட்டது. சின்னசேலம் வட்டாரத்து நைனார்பாளையத்தில் வளரும் ஒரு பிள்ளை கப்பல் வேலைக்கு ஆசைப்பட்டால், இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் கடந்து சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வரவேண்டும்: உத்தண்டியில் இந்திய கடல்சார் பல்கலைக்கழகம், கானத்தூரில் அமெட் பல்கலைக்கழகம். கப்பலின் இயக்கத்தைத் திரையில் காட்டும் சிமுலேட்டரை இணையம் வழியே ஊருக்கே கொண்டுபோகலாம் என்று இன்று சொல்லப்படுகிறது. பயிற்சி இடம் மாறுவது இது முதல்முறை அல்ல.

நெடுங்காலம் இந்தியர்கள் வணிகக் கப்பல்களில் லஸ்கர்கள் எனப்படும் சாதாரண மாலுமிகளாகவே இருந்தனர். அதிகாரிகளை உருவாக்க 1927இல் பம்பாய்த் துறைமுகத்தில் 'டஃபரின்' பயிற்சிக் கப்பல் வந்தது. 1972இல் 'ராஜேந்திரா' அதன் இடத்தைப் பிடித்தது. 1993இல் 'சாணக்கியா' என்ற பெயரில் பயிற்சி நவி மும்பையில் தரைக்கே வந்துவிட்டது. கப்பலைவிட்டு இறங்கிய வகுப்புக்குக் கப்பலை வேறுவிதமாகக் காட்டியாக வேண்டியிருந்தது.

சிமுலேட்டர் தேவையின் வேர் அதற்கும் முந்தைய விபத்துகளில் இருக்கிறது. 1956 ஜூலை 25 இரவு, அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அப்பால் ஆண்ட்ரியா டோரியா, ஸ்டாக்ஹோம் என்ற பயணிகள் கப்பல்கள் மோதி 51 பேர் இறந்தனர். இரண்டிலும் ரேடார் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று திரையில் முன்கூட்டியே கண்டிருந்தன. ஆனால் ஆண்ட்ரியா டோரியாவில் எதிர்க்கப்பலின் போக்கைத் தாளில் குறித்துக் கணக்கிடவே இல்லை. கருவி வாங்கிவிட்டால் போதாது, அதைப் படிக்கும் பழக்கம் வேண்டும் என்பதை இத்தகைய மோதல்கள் உணர்த்தின. அந்தப் பழக்கத்தை உயிர்ச்சேதமின்றித் தரக்கூடியது ரேடார் சிமுலேட்டர்.

சட்டம் மெதுவாகவே பின்தொடர்ந்தது. மாலுமிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்குமான எஸ்.டி.சி.டபிள்யூ. உடன்படிக்கை 1978இல் உருவானது. ரேடாருக்கும் 'ஆர்பா' என்னும் தானியங்கிக் கணிப்புக் கருவிக்கும் சிமுலேட்டர் பயிற்சியைக் கட்டாயமாக்கியது 1995ஆம் ஆண்டுத் திருத்தம். கருவி எத்தகையதாக இருக்கவேண்டும், பயிற்றுநர் அதில் என்ன அனுபவம் பெற்றிருக்கவேண்டும் என்பதையும் அதுவே வகுத்தது. 2010 மணிலா திருத்தத்தில் தொலைநிலைக் கல்வி இடம்பெற்றது. ஆனால் கட்டாயப் பகுதியில் அல்ல, வழிகாட்டுதல் பகுதியில்.

அந்த வழிகாட்டுதலைச் சோதித்துப் பார்க்க வைத்தது கொரோனா. 2020இல் பயிற்சி நிலையங்கள் மூடப்பட, கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வகுப்புகளை இணையத்துக்கு மாற்றியது. வீட்டிலிருந்தே எழுதும் இறுதித் தேர்வையும் அதே ஆண்டு தொடங்கியது. வார்ட்சிலா, காங்ஸ்பெர்க் போன்ற நிறுவனங்கள் இணையவழி சிமுலேட்டர்களைக் கொண்டுவந்தன.

எல்லாப் பயிற்சியும் ஒரே அளவில் வீட்டுக்கு வந்துவிடாது என்பதே என் கணிப்பு. எண்ணெய்க் கப்பலில் சரக்கேற்றும் அதிகாரி நிஜத்திலும் கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்து வால்வுகளைத் திறக்கிறார். எஞ்சின் அறைப் பணியிலும் பெரும்பகுதி அப்படித்தான். அவற்றை மடிக்கணினியில் பழகினால் இழப்பு குறைவு. கப்பலைச் செலுத்தும் இடமான பிரிட்ஜின் கதை வேறு. கடல் மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது, கண்ணாலும் காதாலும் இடைவிடாது கண்காணிக்கச் சொல்கிறது. பக்கவாட்டில் தெரியும் விளக்கு, மூடுபனியில் எழும் ஒலி, சுக்கான் பிடிப்பவர் கட்டளையைத் திருப்பிச் சொல்லும் குரல், இவையெல்லாம் பதினைந்து அங்குலத் திரையில் சுருங்கிவிடும்.

இதைவிடக் கடினமானது மதிப்பீடு. மோதலைத் தவிர்த்தது தேர்வரா, பக்கத்தில் இருந்தவரா என்பதைத் தொலைவிலிருந்து சோதகர் உறுதியாகச் சொல்ல முடியாது. எழுத்துத் தேர்வில் கேமரா ஓரளவு உதவும். ஒரு மணி நேரம் நீளும் செயல்முறைப் பயிற்சியில் அது போதாது.

ஆகவே வீடு, உத்தண்டி என்ற இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் தேவை. கள்ளக்குறிச்சியில் ஓர் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தின் அறையில் சில கணினிகளும் அங்கீகாரம் பெற்ற ஒரு மேற்பார்வையாளரும் இருந்தால், சரக்கு, எஞ்சின், ரேடார் பயிற்சிகளின் பெரும்பகுதியை அங்கேயே முடிக்கலாம். முழு அளவு பிரிட்ஜ் பயிற்சிக்கு மட்டும் மாணவர் சென்னை வரட்டும். விடுதிச் செலவு அந்தச் சில நாட்களுக்கு மட்டும் என்றானால், நைனார்பாளையத்துக் குடும்பம் அதைத் தாங்கும்.