தூங்கும் சிறுநீரகம்

1975 டிசம்பர் 15 அன்று கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் டாக்டர் ஹுசைன் அவாங் குழுவினர் மலேசியாவின் முதல் சிறுநீரக மாற்று அறுவையைச் செய்தார்கள். கொடுத்தவரும் பெற்றவரும் உடன்பிறந்தவர்கள். உயிருள்ளவரிடம் எடுத்த சிறுநீரகத்தை உடனே பொருத்திவிடலாம். ரத்தம் பாய்ந்ததும் பெரும்பாலும் அறுவை மேசையிலேயே சிறுநீர் வரத் தொடங்கும்.

இறந்தவரின் சிறுநீரகம் அப்படி உடனே விழிப்பதில்லை. சில நாள், சில சமயம் சில வாரங்கள் தூங்கும். அறுவைக்குப் பிந்தைய முதல் வாரத்தில் மறுபடி ரத்தச் சுத்திகரிப்பு தேவைப்பட்டால் அதைத் தாமதச் செயல்பாடு என்பார்கள். அமெரிக்காவில் இறந்தவரிடமிருந்து பெறும் சிறுநீரகங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இப்படித் தாமதிக்கிறது.

இதன் கதை 1933-இல், உக்ரைனின் கெர்சோனில் தொடங்குகிறது. யூரி வோரோனோய் என்ற அறுவை மருத்துவர், இறந்து ஆறு மணி நேரம் ஆனவரின் சிறுநீரகத்தை ஒரு பெண்ணின் தொடையில் பொருத்தினார். ரத்தப் பிரிவும் பொருந்தவில்லை. அந்தப் பெண் இரண்டு நாளில் இறந்தார். ரத்தம் நின்றதும் சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்கள் பிராணவாயு இல்லாமல் மடியத் தொடங்கும். உதிர்ந்த செல்கள் குழாய்களை அடைக்கும். கொடுமை என்னவென்றால், ரத்தம் திரும்பி வரும்போது ஏற்படும் அழற்சி இன்னொரு சுற்றுச் சேதம் செய்யும். 1969-இல் காலின்ஸ் கரைசலும், எண்பதுகளில் பெல்சரின் விஸ்கான்சின் கரைசலும் வந்த பிறகே, குளிரில் ஒரு நாள் வரை சிறுநீரகத்தைக் காப்பது நம்பகமானது. நிராகரிப்பைத் தடுக்க வந்த சைக்ளோஸ்போரின் நல்லதுதான். ஆனால் அதுவே சிறுநீரக ரத்தக்குழாய்களைச் சுருக்கித் தூக்கத்தை நீட்டிக்கவும் செய்யும்.

பேராக் மாநிலத்து ஈப்போவிலிருந்து அந்த முதல் மாற்று அறுவை நடந்த கோலாலம்பூர் சுமார் 200 கிலோமீட்டர். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுமையாகும் முன் தாப்பா, சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம் வழியாகப் பழைய சாலையில்தான் போக வேண்டியிருந்தது. ஆனாலும் சிறுநீரகம் பயணிக்கும் பனிக்கட்டிப் பெட்டியின் கணக்கில் இந்தத் தூரம் பெரிதல்ல. பேராக்கில் இழந்த நேரம் மணிக்கணக்கில் இல்லை, வருடக்கணக்கில் இருக்கிறது. நோயாளி ரத்தச் சுத்திகரிப்பில் எத்தனை ஆண்டு காத்திருக்கிறாரோ, அந்த அளவுக்குப் புதுச் சிறுநீரகம் தாமதிக்கும் வாய்ப்பும் கூடுகிறது.

அந்தக் காத்திருப்புக்கும் முன்னே ஒரு தாமதம் உண்டு. 1877-இல் கோலகங்சாரில் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ ரப்பர் கன்று நட்டதற்குப் பின் எழுந்த தோட்டங்களில், லயங்களில் வாழ்ந்த தொழிலாளர்களின் முதல் மருத்துவர், தோட்ட மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸர்தான். காய்ச்சலும் வெட்டுக்காயமும் அவர் கைக்குள் அடங்கும். வலியே இல்லாமல் கெடும் சிறுநீரகத்தை ரத்தப் பரிசோதனை இல்லாமல் யார் கண்டுபிடிப்பது? இன்று மலேசியாவில் புதிதாக ரத்தச் சுத்திகரிப்புக்கு வருவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் காரணம் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு.

இறந்தோர் உறுப்புக் கொடை நாட்டில் மிகக் குறைவு என்பதால் உறவினரே பெரும்பாலும் கொடுக்கிறார்கள். எண்பதுகளில் சிலர் இந்தியாவில் சிறுநீரகத்தை விலைக்கு வாங்கினார்கள். 1994-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் அந்த வணிகத்தைக் குற்றமாக்கியது.

தூங்கும் சிறுநீரகத்தை எழுப்பத் தனி மருந்து இன்னும் இல்லை. ரத்தச் சுத்திகரிப்பைத் தொடர்ந்துகொண்டு காத்திருப்பார்கள். ரத்தக்குழாய் அடைபட்டதா, சிறுநீர்க் குழாய் மடங்கியதா என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். ஒரு வாரமாகியும் அசையாவிட்டால், ஊசியால் துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். தூக்கத்தின் மறைவில் நிராகரிப்பு நடந்தால் வெளியே தெரியாது.