சம்பூருக்கு வராமற்போன நிலக்கரி



சம்பூரில் சூரிய மின் நிலைய வேலை 2025 ஏப்ரலில் தொடங்கிவைக்கப்பட்டது, 120 மெகாவோட். அதே சம்பூருக்கு முதலில் வர இருந்தது 500 மெகாவோட் அனல் மின் நிலையம். எமது பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது.

2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்குப் பயந்து சம்பூர் தமிழ் மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். ஓகஸ்டில் மூதூரிலிருந்து நாம் கந்தளாய்க்கு ஓடினோம். அந்த டிசம்பரிலேயே மின்சார சபையும் இந்தியாவின் என்.ரி.பி.சி. நிறுவனமும் நிலக்கரிக்கு உடன்படிக்கை செய்தன. கேட்பதற்கு ஊரில் ஆளில்லாத நேரம் பாருங்கள்! அடுத்த வருடம் சம்பூர் உயர் பாதுகாப்பு வலயமானது.

நவீன வடிகட்டி போட்டால் புகை குறையும், மறுக்கவில்லை. ஆனால் நீராவியைக் குளிர்விக்க எடுக்கும் கடல்நீர் சூடாகத் திரும்பக் கடலில்தானே விழும்? வலை போடுகிற எங்களுக்கு அதுதான் பயம். நுரைச்சோலையில் 2011 முதல் நிலக்கரி எரிகிறது. தூசு பற்றிய முறைப்பாடு அங்கே இன்னும் ஓயவில்லை.

சம்பூர் மக்கள் முகாம்களில் இருந்தபடியே காணி கேட்டார்கள். சுற்றாடல் அமைப்பொன்று வழக்குப் போட்டது. 2016 செப்டெம்பரில், அனல் மின் நிலையம் அமைக்கப்படாது என்று சட்டமா அதிபர் தரப்பு உயர் நீதிமன்றத்தில் அறிவித்தது.

சூரிய ஒளிக்குப் புகையில்லை, காணி மட்டும் வேண்டும். அங்கே எது யாருடைய வயல், எது மேய்ச்சல் தரை என்று தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைப்போம், வாருங்கள்.